ஓட ஓட இறுகும் மரை

பழைய வண்டி ஒன்றில் இறுகிப்போன நட்டைக் கழற்றிய கதையைக் கத்தோலிக்கக் குடும்பங்கள் படிக்கும் இதழில் எழுதுவானேன் என்று அன்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நட்டு நமக்குப் புகட்டிய பாடத்தை எந்த ஞான ஒடுக்கத்திலும் நாம் அவ்வளவு தெளிவாகக் கற்றதில்லை. ஆகையால் வெட்கத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு எழுதுகிறோம்.

ஆயர் அவர்களின் அனுமதியுடன் நாம் சில ஆண்டுகள் அமெரிக்க நாட்டில், டெக்சாஸ் மாநிலத்தின் மேற்குப் பகுதியில் பணியாற்றினோம். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை பருத்திக் காடு. இடையிடையே தலையை ஆட்டி ஆட்டி நிலத்தடி எண்ணெயை இறைக்கும் இயந்திரங்கள். நிழலுக்கு ஒதுங்க மரம் அரிது. மூன்று கோவில்கள், ஒரே குரு. ஒரு கோவிலுக்கும் மற்றொரு கோவிலுக்கும் இடையே முப்பது நாற்பது மைல் தூரம். பங்குக்குச் சொந்தமாக இருந்தது 2002-ஆம் ஆண்டில் செய்யப்பட்ட செவ்ரோலே பிக்கப் வண்டி. அதன் பின்புறத் திறந்த தட்டில் கோவில் நாற்காலிகள் ஏறும். ஏழைகளுக்கான உணவு மூட்டைகள் ஏறும். கிறிஸ்து பிறப்புக் குடிலுக்கான வைக்கோல் ஏறும். இரண்டு லட்சம் மைலுக்கு மேல் ஓடிய வண்டி. ஆயினும் ஒரு நாளும் திருப்பலிக்கு நம்மைத் தாமதப்படுத்தியதில்லை.

2019-ஆம் ஆண்டு ஜூலை மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை. நோயாளி ஒருவருக்கு நற்கருணை வழங்கிவிட்டு மருத்துவமனையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தோம். வெளியே வெப்பம் 40 டிகிரி செல்சியஸ். நெடுஞ்சாலையில் ஓடியவரை எஞ்சினின் சூட்டைக் காட்டும் முள் நடுவிலேயே நின்றது. ஓரிடத்தில் சாலை செப்பனிடும் வேலை நடந்தது. வண்டிகள் வரிசையாக நின்றன, நாமும் நின்றோம். முள் மட்டும் நிற்கவில்லை. சிவப்புக் கோட்டை நோக்கி ஏறிற்று. குளிரூட்டியை நிறுத்திவிட்டு, குளிர்காலத்துக்கான வெப்பமூட்டியை முழுவதும் திறந்துவிட்டோம். எஞ்சினின் சூட்டில் ஒரு பங்கை வண்டிக்குள் இழுத்து அதன் பாரத்தைக் குறைக்கும் வழி அது. அந்த வெயிலில், அனற்காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு, உத்தரிக்கிற ஸ்தலத்து ஆன்மாக்களை நினைத்தவாறு ஒருவழியாக வீடு வந்து சேர்ந்தோம்.

ஓடும்போது இல்லாத நோய் நிற்கும்போது வருவானேன்? ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே பெரிய விசிறி ஒன்று இருக்கிறது. வண்டி வேகமாக ஓடுகையில் எதிர்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். விசிறிக்கு வேலை குறைவு. வண்டி நிற்கும்போதுதான் விசிறி காற்றை இழுத்தாக வேண்டும். ஆகையால் விசிறியை எஞ்சினோடு நிலையாகப் பூட்டாமல், இடையில் கிளட்ச் என்னும் உறுப்பை வைத்திருக்கிறார்கள். அதனுள்ளே கெட்டியான சிலிக்கோன் எண்ணெய் இருக்கும். முகப்பில் இரு உலோகங்களை ஒட்டிச் செய்த சுருள் ஒன்று இருக்கும். ரேடியேட்டர் வழியே வரும் காற்று சூடாக இருந்தால் சுருள் விரிந்து உள்ளே ஒரு வழியைத் திறக்கும். எண்ணெய் பாய்ந்து, சுழலும் பகுதியையும் விசிறியையும் பற்றிப் பிணைக்கும். காற்று குளிர்ந்தால் எண்ணெய் தன் அறைக்குத் திரும்பும். விசிறி நழுவி மெதுவாகச் சுற்றும். தேவைப்படும்போது உழைத்துத் தேவையற்றபோது அடங்கியிருக்கும் நல்ல ஊழியன் அது. எண்ணெய் கசிந்து போய்விட்டாலோ, பிணைப்பும் போய்விடும். நம் வண்டியில் நேர்ந்தது அதுவே. சூடேறிய எஞ்சினை அணைத்துவிட்டு விசிறியை விரலால் தள்ளிப் பார்த்தோம். தடுத்து நிற்க வேண்டிய விசிறி, தேர்த் திருவிழாவில் விற்கும் காற்றாடிபோல் சுற்றிற்று.

பணிமனையில் பத்து நாள் பொறுக்கச் சொன்னார்கள். ஞாயிறு வருவதற்கோ இன்னும் நான்கே நாள். நம் தகப்பனார் கிணற்றில் டீசல் எஞ்சின் வைத்துத் தண்ணீர் இறைத்தவர். அதைக் கழற்றிப் பூட்டச் சிறுவயதிலேயே கற்றிருந்தோம். குருமடத்தில் ஜெனரேட்டருக்கு நாமே பொறுப்பு. எனவே, ‘ஒரு நட்டுத்தானே’ என்று எண்ணிவிட்டோம். எத்தனையோ வீழ்ச்சிகள் ‘தானே’ என்னும் அந்தச் சிறு சொல்லில் தொடங்குவது நாம் அறியாததா?

அந்நாட்டில் உதிரிப்பாகக் கடைகள் சிலவற்றில் முன்பணம் கட்டினால் கருவிகளை இரவல் தருவார்கள். திருப்பிக் கொடுத்தால் பணமும் திரும்பிவிடும். அவ்வாறு 36 மில்லிமீட்டர் அளவுள்ள மெல்லிய ஸ்பானர் ஒன்றையும், நீர்ப்பம்பின் கப்பியை அசையாமல் பிடிக்கும் இரும்புப் பட்டை ஒன்றையும் வாங்கினோம். கடையில் நின்றிருந்த ஒருவர், “இந்த நட்டுகள் எல்லாமே இடமரை. வழக்கத்துக்கு மாறாகத் திருப்புங்கள்” என்றார். சில வண்டிகளில் அவ்வாறு இருப்பது உண்மையே. நம் வண்டியிலும் அப்படித்தானா என்று நாம் விசாரிக்கவில்லை.

புதன்கிழமை மாலை, எஞ்சின் நன்கு ஆறிய பின், பேட்டரியின் இணைப்பைக் கழற்றினோம். விசிறியைச் சூழ்ந்த கூட்டின் மேற்பாதியை எடுத்தோம். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்குக் காயம் படாதிருக்க ஓர் அட்டையைச் செருகி வைத்தோம். இவ்வளவும் சரியே. பிறகு ஸ்பானரை மாட்டி வலப்புறமாக இழுத்தோம். நட்டு அசையவில்லை. துருவை இளக்கும் எண்ணெயைத் தெளித்து இரவு முழுவதும் ஊறவிட்டோம். வியாழன் மாலை மறுபடியும் இழுத்தோம். ஸ்பானரின் முனையில் குழாயைச் சொருகி, காலை முட்டுக்கொடுத்து இழுத்தோம். இறுதியில் பொறுமை இழந்து உடல் பாரம் முழுவதையும் போட்டபோது ஸ்பானர் வழுக்கிற்று. அட்டை மட்டும் இல்லாதிருந்தால் ரேடியேட்டர் பிளந்திருக்கும். நம் வலக்கை விரல் மூட்டுகளோ தோலுரிந்து இரத்தம் கொட்டின. அப்போது நம் வாயிலிருந்து வந்தவை மன்றாட்டுமாலையில் உள்ள சொற்களல்ல என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

மறுநாள் முதல் வெள்ளி. கட்டுப் போட்ட கையோடு திருப்பலி நிறைவேற்றினோம். கடைசி வரிசையில் முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். கடைசி ஆசீர் முடியுமுன் வழக்கம்போல் எழுந்து போனார். அவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும்.

எண்பதை நெருங்கியவர். பருத்தி விவசாயி. டிராக்டரும் அறுவடை இயந்திரமும் அவர் கைக்குக் கட்டுப்பட்ட மாடுகள். பங்கின் கிளைக் கோவில் ஒன்றில் 31 ஆண்டுகளாக ஞாயிறுதோறும் காலை ஏழு மணிக்குக் கதவைத் திறந்தவர் அவரே. எட்டு மணித் திருப்பலிக்கு முன் குளிர்காலமானால் அடுப்பு மூட்டுவார், கோடையானால் ஜன்னல்களைத் திறந்து வைப்பார். அவருடைய மனைவியின் உடல் இறுதியாக வெளியே சென்றதும் அந்தக் கதவு வழியாகத்தான். 2018-ஆம் ஆண்டு நவம்பரில், மூன்று கோவில்களுக்கும் ஞாயிறு காலையில் ஓடி முடியாத நிலையில், அக்கிளைக் கோவிலின் ஞாயிறு பூசையை நிறுத்தி, சனிக்கிழமை மாலை பெரிய கோவிலுக்கு வரும்படி அறிவித்தோம். யாரிடமும் கலந்து பேசவில்லை. பங்கின் அறிவிப்புத் தாளில் இரண்டு வரி போட்டோம், அவ்வளவே. அடுத்த வாரம் பூசை உடுப்பு அறையின் மேசைமேல் கோவிற் சாவி கிடந்தது. சீட்டு எதுவும் இல்லை.

அவர் ஏன் நம்மிடம் பேசவில்லை என்று நாம் கேட்கவில்லை. ‘மூன்று கோவிலை ஒருவன் கட்டி ஆள்வதன் துன்பம் இவருக்கு விளங்கவில்லையே’ என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். ஞாயிறுக்கு ஞாயிறு அவர் ஆசீருக்கு முன் எழுந்து போவார். நாம் காணாததுபோல் இருப்போம். எட்டு மாதம் இவ்வாறு கழிந்தது.

அன்று பங்கு அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் அம்மையார் நம் கைக்கட்டைப் பார்த்து, “இந்த வட்டாரத்தில் அந்த நட்டைக் கழற்றத் தெரிந்தவர் ஒருவர்தான். அவரை உங்களுக்கே தெரியும்” என்றார். தெரியும். அதுதானே சங்கடம்! காலை முழுவதும் தயங்கினோம். ஸ்பானரைத் தூக்கும்போது இல்லாத பாரம் காலில் இருந்தது. பிற்பகல் அந்த அம்மையாரின் காரை இரவல் பெற்று அவர் வீட்டுக்குப் போனோம். அவர் கதவைத் திறந்து, நம் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னோம். “எஞ்சின் ஆறியிருக்கிறதா?” என்று மட்டும் கேட்டார். கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டார். வழியெல்லாம் பேச்சில்லை.

வண்டியைக் குனிந்து பார்த்தவர், “எந்தப் பக்கம் திருப்பினீர்கள்?” என்றார்.

“வலப்பக்கம்.”

சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, “பதினேழு வருடமாக எஞ்சின் இறுக்கியது போதாதென்று நீங்களும் இரண்டு நாள் சேர்ந்து இறுக்கியிருக்கிறீர்கள், தந்தையே” என்றார்.

அதன் காரணத்தை அவரே விளக்கினார். விசிறியின் நட்டு, நீர்ப்பம்பின் அச்சில் உள்ள மரையில் ஏறி நிற்கிறது. அச்சு முன்னே சுழன்று விசிறியை இழுக்கிறது. விசிறியோ காற்றின் தடையால் பின்தங்கப் பார்க்கிறது. இந்த இழுபறியால் நட்டு கழன்றுவிடக்கூடாது. மாறாக மேலும் இறுக வேண்டும். அதற்கேற்பவே மரையின் பக்கத்தைத் தேர்ந்து வெட்டியிருக்கிறார்கள். ஆகவே வண்டி ஓட ஓட நட்டு இறுகுகிறது. தனியாக யாரும் இறுக்க வேண்டியதில்லை; அன்றாட ஓட்டமே அதை இறுக்கிவிடும். அதைக் கழற்ற வேண்டுமானால் விசிறி எந்தப் பக்கம் சுழல்கிறதோ அந்தப் பக்கமே நட்டைத் திருப்ப வேண்டும். நம் வண்டியில் முன்னே நின்று பார்ப்பவனுக்கு அது இடப்பக்கம்.

“இனி நீங்கள் பிடியுங்கள், நான் அடிக்கிறேன்” என்றார். கப்பியின் ஆணித்தலைகளில் இரும்புப் பட்டையை மாட்டி நம் கையில் கொடுத்தார். “இழுக்க வேண்டாம், தள்ள வேண்டாம். அது அசையாமல் பிடித்தால் போதும்.” நாம் இரண்டு நாளும் தனியே நின்று ஒரு கையால் பிடித்து மறு கையால் இழுத்தோம். கப்பியும் கூடவே சுற்றியதால் வலிமை பாதி வீணாயிற்று. மேலும், மெதுவாக நெடுநேரம் இழுத்தால் எல்லாம் சேர்ந்தே நகரும். துருவின் பிடி விடாது. சட்டென்று விழும் ஒரு சிறு அடிதான் அந்தப் பிடியை உடைக்கும். அவர் ஸ்பானரை மாட்டினார். அதன் முனையில் சுத்தியலால் அடித்தார். ஒன்று, இரண்டு. மூன்றாம் அடியில் ‘டக்’ என்று ஓர் ஒலி. அதன் பின் நட்டு விரலாலேயே சுற்றிக் கழன்று வந்தது. இரண்டு மாலை நாம் போராடிய வேலை, அவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

கழற்றிய கிளட்சைக் கையில் வைத்துக்கொண்டு நின்றோம். இந்த வேளையை விட்டால் மறுவேளை வாராது என்று உள்ளம் சொல்லிற்று. எழுத்தில் ‘நாம்’ என்று எழுதிப் பழகிய நமக்கு, அப்போது அந்தச் சொல் வாயில் வரவில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிடுபவன் ‘நான்’ என்றல்லவா சொல்ல வேண்டும்?

“ஐயா, கிளைக் கோவில் பூசை விஷயத்தை நான் உங்கள் வீட்டுக்கு வந்து சொல்லியிருக்க வேண்டும். தாளில் போட்டது என் தவறு. பிறகு எட்டு மாதம் வாய் திறவாதிருந்தது அதைவிடப் பெரிய தவறு. மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றோம்.

அவர் கந்தைத் துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். “பூசையை நிறுத்தியதற்காக நான் வருந்தவில்லை, தந்தையே. மூன்று கோவிலுக்கு ஒரு குரு. எனக்கும் கணக்குத் தெரியும். 31 வருடம் கதவு திறந்தவனிடம், இனி வரவேண்டாம் என்று ஒரு தாள் சொல்லிற்றே, அதுதான்” என்றார். சற்றுப் பொறுத்து, “நானும் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை” என்றார்.

அதற்குமேல் இருவரும் பேசவில்லை. புதிய கிளட்சைப் பூட்டினோம். அதையும் அவர் சொல்லியே கற்றோம். புதிய கிளட்சைப் பூட்டும்வரை படுக்கப் போடாமல் நிமிர்த்தியே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் இடம் மாறும். மரையைத் துடைத்துச் சுத்தம் செய்து, முதற் சுற்றுகளைக் கையாலேயே ஏற்ற வேண்டும். கடைசியில் நாம் ஸ்பானரைப் பற்றி மும்முரமாக இறுக்கத் தொடங்கியபோது, அவர் நம் கையைத் தொட்டு நிறுத்தினார். “அளவாக இறுக்கினால் போதும். மீதியை எஞ்சின் பார்த்துக்கொள்ளும்.”

அந்த மாதமே கிளைக் கோவில் மக்களைக் கூட்டிப் பேசினோம். மாதத்தின் முதல் ஞாயிறும் மூன்றாம் ஞாயிறும் அங்கே காலைப் பூசை என்று முடிவாயிற்று. எல்லாரும் நிறைவடைந்தனர் என்று சொல்வதற்கில்லை. வேறு கோவில்களுக்குப் போகத் தொடங்கியிருந்த இரண்டு குடும்பங்கள் திரும்பவே இல்லை. அவர்களிடமும் காலத்தில் போயிருக்க வேண்டும், போகவில்லை. அக்குறை இன்றும் நம் உள்ளத்தில் இருக்கிறது. சாவியை மட்டும் முன்தினமே முதியவரின் வீட்டுக்குக் கொண்டுபோய் அவர் கையிற் கொடுத்தோம். பூசை எட்டு மணிக்கு. நாம் ஏழரைக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவும் ஜன்னல்களும் திறந்திருந்தன. கடைசி ஆசீர் முடியும்வரை அவர் இருந்தார்.

நிற்க. நம் ஊர்களுக்குத் திரும்பி வந்த பின், பேசாத அண்ணன் தம்பிகளை எத்தனையோ வீடுகளில் காண்கிறோம். வரப்புத் தகராறு, பாகப் பிரிவினை, தேர்த் திருவிழாவில் யாருக்கு முதல் மரியாதை என்ற சச்சரவு என்று தொடக்கம் ஏதோ ஒன்று. பத்து ஆண்டு கழித்துக் கேட்டால் தொடக்கமே பாதி மறந்திருக்கும். ஆனால் பிடி விட்டிருக்காது. யாரும் புதிதாகப் பகை வளர்த்தார்கள் என்பதல்ல. ஒரே தெருவில் எதிரெதிரே போய்வந்தார்கள், ஒரே கோவிலில் வேறு வேறு பக்கம் அமர்ந்தார்கள், அவ்வளவே. அந்த அன்றாட ஓட்டமே மரையை இறுக்கிவிட்டது. காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று சொல்வோர் உண்டு. சும்மா விட்ட நட்டைக் காலம் தளர்த்தி நாம் கண்டதில்லை, இறுக்கியே கண்டிருக்கிறோம்.

காணிக்கை செலுத்த வந்தவன், சகோதரனுக்குத் தன்மேல் மனத்தாங்கல் இருப்பதை அங்கே நினைவுகூர்ந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு முதலில் போய்ச் சமாதானமாக வேண்டும் என்று மத்தேயு நற்செய்தியின் 5-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கற்பிக்கிறார். அவன்மேல் நமக்குள்ள மனத்தாங்கலை அவர் அங்கே பேசவில்லை. நம்மேல் அவனுக்குள்ள மனத்தாங்கலையே பேசுகிறார். எட்டு மாதம் காணிக்கை செலுத்திய கைக்கு, தோலுரிந்த பின்தான் அந்த வேறுபாடு விளங்கிற்று. நம் பக்கத்து நியாயத்தை எவ்வளவு இழுத்தாலும் நட்டு இறுகவே செய்யும். அவன் பக்கம் எது என்று முதலில் அறிந்து, அந்தப் பக்கம் திருப்ப வேண்டும். முடிந்தால், இழுக்காமலும் தள்ளாமலும் நடுவே பிடித்துக்கொள்ளும் நல்லவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்ல வேண்டும். நெடிய வழக்குரை வேண்டாம். ‘என் தவறு’ என்ற சிறு சொல் போதும்.

இதை வாசிக்கும் அன்பர் யாருக்கேனும் இப்போது ஒரு முகம் நினைவுக்கு வந்திருக்குமானால், இதழை மூடி வைத்துவிட்டு, அவர் வீட்டுக்குப் புறப்படும்படி அன்புடன் வேண்டுகிறோம்.